சோடியம் 139

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், ஒட்டுக்கடை ஒன்றில் கேட்ட ஒரு வாக்கியம் பல வாரங்களாக மனதை விட்டுப் போகவில்லை. சொன்னவருக்கு அறுபது வயதிருக்கும். முப்பது வருடம் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவர், இப்போது ஒரு தொழிற்சாலையில் இரவு ஜாகா (காவலாளி). தட்டில் மீ கோரெங். அதன்மேல் கிச்சாப்பை (சோயா சாஸ்) இரண்டு சுற்றுச் சுற்றி ஊற்றினார். கடைக்காரத் தம்பி அவருடைய காலைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, காலு இப்படி வீங்கிக் கெடக்கு? உப்பு ஆகாதுல்ல?" என்றார். அண்ணன் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து விரித்தார். போன வாரம் கிளினிக்கில் எடுத்த ரத்தப் பரிசோதனை. "பாரு தம்பி, சோடியம் 139. 135-லேர்ந்து 145 வரைக்கும் இருக்கலாமாம். நட்டநடுவுல நிக்குது. நமக்கு உப்பு நார்மல்லா." கழற்றி வைத்திருந்த காலுறையின் பின்னல் வரி வரியாகக் கணுக்காலுக்கு மேலே பதிந்திருந்தது. சாப்பிட்டு முடிக்கும்வரை அந்தப் பள்ளம் மேலெழவில்லை.

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. எண் சரி, அளவு வரம்பும் சரி. ஆனால் அந்த எண் அவர் நினைத்த கேள்விக்கான விடை கிடையாது. உடம்பில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதை 139 சொல்வதில்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு எவ்வளவு உப்பு என்ற விகிதத்தைத்தான் சொல்கிறது. ஒரு குவளை ரசமும் ஒரு அண்டா ரசமும் நாக்குக்கு ஒரே உப்பாகத்தான் இருக்கும். நாக்கை வைத்து அண்டாவின் கொள்ளளவைச் சொல்ல முடியாது. இந்த வித்தியாசம் புரியாததால் நம் ஊரில் எத்தனை பேர் அந்தத் தாளைச் சாட்சியாக வைத்துக்கொண்டு நெத்திலிச் சம்பலில் கை வைக்கிறார்கள் என்று நினைத்தால் கவலையாக இருக்கிறது. சிறுநீரகம் உப்பை எப்படிக் கையாள்கிறது என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் அந்த 139 ஏன் அசையாமல் நிற்கிறது என்பது விளங்கும்.

பெரட்டுக்களம்

கிட்னி ஒரு வடிகட்டி என்றுதான் எல்லாரும் சொல்கிறோம். டீ வடிகட்டியைப் போல, அழுக்கைப் பிடித்துக்கொண்டு நல்லதை விடுகிறது என்று மனதில் ஒரு படம். நடப்பது அதற்கு நேரெதிர். தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டை நினைத்துக்கொள்ளுங்கள். லயத்திலிருந்து எல்லாரையும் வெளியே வரவழைத்துக் களத்தில் நிறுத்தி, பிறகு பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். சிறுநீரகம் செய்வதும் அதுதான். ரத்தத்தின் நீரையும் அதில் கரைந்திருக்கும் சிறு பொருள்கள் அனைத்தையும் முதலில் வெளியே தள்ளிவிடுகிறது. புரதமும் ரத்த அணுக்களும் மட்டும் உள்ளே நிற்கும். பிறகு குழாய் வழியே போகப்போக, வேண்டியவர்களைப் பேர் சொல்லி உள்ளே அழைத்துக்கொள்கிறது. யாருடைய பேர் கூப்பிடப்படவில்லையோ அவர்கள் சிறுநீராகப் போகிறார்கள்.

அளவுகளைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். ஒவ்வொரு சிறுநீரகமும் சுமார் 150 கிராம் எடை. இரண்டும் சேர்ந்து உடல் எடையில் அரை சதவீதம்கூட வராது. ஆனால் இதயம் தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் இவற்றுக்குத்தான் போகிறது. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய பத்து லட்சம் நெஃப்ரான்கள், அதாவது வடித்து மீட்கும் நுண்குழாய்கள். ஆரோக்கியமான இளம் உடம்பில் இவை நாளொன்றுக்கு 180 லிட்டர் நீரை வடிக்கின்றன. நம் ரத்தத்தின் நீர்ப்பகுதி மொத்தமே மூன்று லிட்டர்தான், அதை ஒரே நாளில் அறுபது தடவை வெளியே கொட்டி அள்ளுகிற வேலை இது. அந்த 180 லிட்டரில் கரைந்து போகும் சோடியத்தைச் சாப்பாட்டு உப்பாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ வரும். மளிகைக் கடையில் வாங்கும் ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டில் ஒன்றரைப் பாக்கெட், தினமும். ஆனால் நாம் சாப்பிடுவது எட்டுப் பத்து கிராம். வெளியே போவதும் அதே அளவுதான். அதாவது வடிகட்டிய உப்பில் நூற்றுக்கு 99 பங்குக்கும் மேலே திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளப்படுகிறது.

ஆகவே உப்பை வெளியேற்றுவதை விட, உப்பைக் காப்பாற்றுவதற்குத்தான் சிறுநீரகம் அதிகம் உழைக்கிறது. அது குடிக்கும் ஆக்சிஜனில் பெரும்பகுதி சோடியத்தைத் திரும்ப உள்ளே இறைப்பதற்கே செலவாகிறது. உப்பு அரிதாகக் கிடைத்த காலத்தில் உருவான உறுப்பு அது. கடலோரத்திலிருந்து வெகுதூரம் வாழ்ந்த மனிதக் கூட்டங்களுக்கு இந்தச் சிக்கனம் உயிர் காத்தது. கிச்சாப், பெலாச்சான், கருவாடு, மேகி எல்லாம் ஒரே வாரத்தில் வந்து சேரும் அடுப்படியை அது எதிர்பார்த்து உருவாகவில்லை.

நான்கு இடங்கள்

திரும்ப இழுப்பது நான்கு இடங்களில் நடக்கிறது. நெஃப்ரானின் முதல் வளைவில் மூன்றில் இரண்டு பங்கு உப்பும் அதோடு அதே அளவு தண்ணீரும் உள்ளே போய்விடும். குளுக்கோஸும் இங்கேதான் சோடியத்தின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறது. இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்கு இந்த இடம் முக்கியம். ரத்தத்தில் சீனி அதிகமாக இருந்தால் வடிகிற சீனியும் அதிகம், அதை உள்ளே இழுக்கும்போது கூடவே உப்பும் அதிகமாக இழுக்கப்படுகிறது. சமீப ஆண்டுகளில் பலருக்கும் எழுதித் தரப்படும் டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகள் இந்த ஜோடியைத்தான் பிரிக்கின்றன. சீனி சிறுநீரில் போகும், கொஞ்சம் உப்பும் போகும்.

அடுத்தது ஹென்லே வளைவு. ஜேக்கப் ஹென்லே என்ற ஜெர்மன் உடற்கூறியலர் 1862-ல் விவரித்த அந்த ஊசிவளைவின் ஏறுமுகத்தில் நூற்றுக்கு இன்னொரு 25 பங்கு உப்பு உள்ளே போகிறது, ஆனால் தண்ணீர் இங்கே கூடப் போகாது. கால் வீக்கத்துக்குத் தரும் ஃபுரோசமைடு மாத்திரை வேலை செய்வது இங்கே. மூன்றாவது இடத்தில் ஐந்தாறு பங்கு போகும். ரத்தக் கொதிப்புக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதயசைடு மாத்திரை அங்கே தடுக்கிறது. கடைசியில் சேகரிக்கும் குழாயில் மீதி இரண்டு மூன்று பங்கு. கேட்பதற்குச் சின்னதாகத் தெரியும் இந்தக் கடைசி இடத்தில்தான் உடம்பின் முடிவு இருக்கிறது. ஒன்றரைக் கிலோவில் இரண்டு சதவீதம் என்றால் 30 கிராம் உப்பு. அதை விடுவதா வைத்துக்கொள்வதா என்பதை அட்ரினல் சுரப்பி விடும் அல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் தீர்மானிக்கிறது. அது கூடினால் உப்பு உள்ளே நிற்கும், பொட்டாசியம் வெளியே போகும். குறைந்தால் மறுபக்கம்.

ஃபுரோசமைடு பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பலர் அதை உப்புத் தின்பதற்கான அனுமதிச்சீட்டாக நினைக்கிறார்கள். அதன் வேலை ஏறக்குறைய ஆறு மணி நேரம். காலையில் விழுங்கினால் மதியத்துக்குள் நாலைந்து தடவை பாத்ரூம், உப்பும் நீரும் போகும். பிறகு மாத்திரையின் பிடி விட்டதும் சிறுநீரகம் இழந்ததை மீட்க முன்னைவிடக் கெட்டியாகப் பிடிக்கும். அந்த நேரத்தில் ராத்திரிச் சாப்பாட்டில் கருவாட்டுக் குழம்பு வந்தால், பகலில் போனது அத்தனையும் விடிவதற்குள் திரும்பி வந்துவிடும். 'மாத்திரை கேக்கல' என்று டோஸைக் கூட்டிக்கொண்டே போகிற பல வீடுகளில் உண்மையில் கேட்காதது மாத்திரை கிடையாது.

இரண்டு கடிவாளம்

இப்போது அண்ணனின் 139-க்கு வருகிறேன். இந்தக் கட்டுரையே இந்த இடத்துக்காகத்தான்.

உடம்பில் தண்ணீருக்கு ஒரு கடிவாளம், உப்புக்கு வேறொரு கடிவாளம். இரண்டும் வெவ்வேறு கைகளில் இருக்கின்றன. தண்ணீரின் கடிவாளம் மூளையில். ரத்தத்தின் செறிவு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு கூடினாலே அங்கே தெரிந்துவிடும். உடனே இரண்டு காரியம் நடக்கும்: தாகம் எடுக்கும், கூடவே ஏடிஎச் என்ற ஹார்மோன் வெளிவந்து சிறுநீரகக் குழாயில் தண்ணீருக்கான கதவுகளைத் திறந்து, சிறுநீராகப் போகவிருந்த நீரை உள்ளே அழைத்துக்கொள்ளும். இதெல்லாம் நிமிடக் கணக்கில் நடக்கும். உப்பின் கடிவாளம் அப்படி இல்லை. மொத்த உப்பு எத்தனை கிராம் என்று எடைபோடும் கருவி உடம்பில் எங்கேயும் இல்லை. ரத்தக் குழாய் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்பதைத்தான் சிறுநீரகமும் இதயமும் உணர்கின்றன. குழாய் தளர்ந்தால் சிறுநீரகம் ரெனின் விடும், அதன் தொடர்ச்சியாக அல்டோஸ்டிரோன் வரும், உப்பு சேரும். குழாய் நிரம்பினால் ரெனின் அடங்கும், இதயத்தின் மேலறை வேறொரு ஹார்மோனை விட்டு உப்பைக் கழிக்கச் சொல்லும். ரெனினை 1898-லேயே ஸ்வீடனில் டிகர்ஸ்டெட்டும் பெர்க்மனும் முயலின் சிறுநீரகத்திலிருந்து கண்டெடுத்துவிட்டார்கள். ஆனால் அது ஏன் அங்கே இருக்கிறது என்பது விளங்கப் பல பத்தாண்டுகள் பிடித்தன. உப்புக் கடிவாளம் மணிக்கணக்கில், நாள்கணக்கில் மெதுவாக இழுபடுகிற ஒன்று.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 70 கிலோ எடையுள்ள ஒருவர், உடம்பில் 42 லிட்டர் தண்ணீர். ஒரு கல்யாண விருந்தில் வழக்கத்தைவிட 9 கிராம் உப்பு கூடுதலாக உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரைத் தேக்கரண்டி. தண்ணீரே குடிக்காமல் இருந்தால் ரத்தச் சோடியம் 140-லிருந்து 143, 144 வரை ஏறும். ஆனால் யாரும் அப்படி இருக்க முடியாது. அந்த அளவு ஏற்றத்துக்கு முன்பே தொண்டை வறளும், சட்டைத் துணி தோய்ந்ததுபோலத் தாகம் ஒட்டிக்கொள்ளும், அவர் ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிடுவார். மருத்துவமனையில் ஏற்றும் நார்மல் சலைன் பாட்டிலின் அளவும் இதுவேதான், ஒரு லிட்டருக்கு 9 கிராம். குடித்ததும் சோடியம் மறுபடி 140. மறுநாள் காலையில் ரத்தம் எடுத்தால் தாளில் எந்த மாற்றமும் தெரியாது. மாறியிருப்பது எடை. 70 கிலோ 71 ஆகியிருக்கும். அந்தக் கூடுதல் லிட்டர் ரத்தக் குழாய்களிலும் திசு இடுக்குகளிலும் நிற்கிறது.

நல்ல சிறுநீரகம் மூன்று முதல் ஐந்து நாளில் இதைக் கழித்துவிடும். தினமும் கூடுதலாகச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தால், வரவும் செலவும் சமமாகும், ஆனால் அந்த ஒரு லிட்டர் உள்ளேயே நிரந்தரக் குடியிருப்பாகிவிடும். சிறுநீரகம் தளர்ந்திருந்தால், அல்லது இதயம் தளர்ந்திருந்தால், ஒரு லிட்டர் இரண்டாகும், மூன்றாகும். விரல் அழுத்தினால் பள்ளம் விழும் அளவுக்குக் கால் வீங்க, திசுக்களில் இரண்டரை மூன்று லிட்டர் சேர்ந்திருக்க வேண்டும். மூன்று லிட்டருக்கு உப்பு எவ்வளவு? 27 கிராம். ஒட்டுக்கடையில் காலுறைப் பள்ளம் விழுந்த அந்தக் காலோடு உட்கார்ந்திருந்தவரின் உடம்பில் வேண்டியதைவிட ஒரு கைப்பிடி உப்பு கூடுதலாக இருந்திருக்கும். தாளில் 139. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. தண்ணீர்க் கடிவாளம் தன் வேலையை ஒழுங்காகச் செய்ததற்கான அடையாளம்தான் அந்த 139. உப்பைப் பற்றி அது வாய் திறக்கவில்லை.

இந்த இடத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. பரிசோதனைத் தாளில் சோடியம் என்று போட்டு வரம்பும் போட்டுக் கொடுக்கிறோம். அதைப் படிக்கிறவர் உப்பு என்று புரிந்துகொள்வது இயல்பு. 'இது தண்ணீரைப் பற்றிய எண்' என்று யாராவது ஒரு நிமிடம் சொல்லியிருந்தால் போதும்.

இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது. வயதான பெண்மணி, ரத்தக் கொதிப்புக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு சாப்பிடுகிறார். 'நிறையத் தண்ணி குடிச்சா கிட்னி சுத்தமாகும்' என்று யாரோ சொன்னதால் நாலு லிட்டர் குடிக்கிறார், சாப்பாடோ பெயரளவுக்கு. சோடியம் 124 என்று வருகிறது. வீட்டில் உடனே 'உப்பு கொறஞ்சு போச்சு' என்று உப்புக் கஞ்சி. பெரும்பாலான நேரங்களில் அங்கே குறைந்தது உப்பு மட்டும் இல்லை, தண்ணீர் கூடிவிட்டது. காலும் வீங்கி, மூச்சும் வாங்கி, சோடியமும் குறைந்திருப்பவர் உடம்பில் உப்பும் அதிகம், தண்ணீர் அதைவிட அதிகம். அவருக்கு உப்புக் கொடுப்பது வீக்கத்தைத்தான் கூட்டும். பேச்சுத் தடுமாறினாலோ, மயக்கமோ வலிப்போ வந்தாலோ வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை, மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். அங்கேயும் அவசரப்பட்டு ஏற்ற மாட்டார்கள். நாட்பட்டுக் குறைந்த சோடியத்தை 24 மணி நேரத்தில் எட்டுப் பத்துப் புள்ளிக்குமேல் உயர்த்தினால் மூளை நரம்புகள் நிரந்தரமாகச் சேதமடையலாம்.

வேர்வைக் கணக்கு

'நாங்க வெயில்ல நிக்கிற ஆளுங்க, உப்பு வேர்வையில போயிடும்' என்ற பேச்சை நம் ஊரில் தினமும் கேட்கலாம். இதை நான் முழுக்க மறுக்க மாட்டேன். செம்பனை நிரையில் காலை ஆறரைக்கு இறங்கி, அரிவாள் கட்டிய நீளக் கம்போடு அண்ணாந்து குலை வெட்டுகிறவருக்கு நாலு லிட்டர் வேர்வை என்பது பெரிய விஷயமில்லை. ஒரு லிட்டர் வேர்வையில் இரண்டு கிராம் உப்பு என்று வைத்தாலும் எட்டு கிராம் போய்விடும். அவருக்கு உப்புப் போட்ட கஞ்சித் தண்ணியும் ஊறுகாயும் நியாயமான சாப்பாடு. திடீரென்று உப்பை நிறுத்தினால் கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடிக்கும்.

ஆனால் இதிலும் உடம்பின் சிக்கனம் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் மிச்சிகனில் ஜெரோம் கான் என்ற மருத்துவர், சூடும் ஈரமும் மிகுந்த வெப்பமண்டலத்தில் வேலை செய்யும் உடம்பு எப்படிப் பழகுகிறது என்று ஆராய்ந்தார். ஓரிரு வாரம் வெயிலில் வேலை செய்தபின் வேர்வையின் உப்பும் சிறுநீரின் உப்பும் வெகுவாகக் குறைந்துவிடுவதைக் கண்டார். அட்ரினல் சுரப்பியின் ஏதோ ஒரு ஹார்மோன் உப்பைப் பிடித்து வைக்கிறது என்பது அவருடைய ஊகம். 1953-ல் அல்டோஸ்டிரோன் பிரித்தெடுக்கப்பட்டது. 1955-ல் அதே கான், அந்தச் சுரப்பியில் கட்டி வந்து அல்டோஸ்டிரோன் அளவுமீறிச் சுரப்பதால் வரும் ரத்தக் கொதிப்பை விவரித்தார். இன்றும் அந்த நோய்க்கு அவர் பெயர்தான். நம் தோட்டத்து வெயிலைப் போன்ற வெயிலில்தான் அந்தக் கண்டுபிடிப்பின் வேர் இருக்கிறது என்பது எனக்கு எப்போதும் நெகிழ்ச்சியான சங்கதி.

உண்மையான சிக்கல் அடுப்படியில். கித்தா (ரப்பர்) மரம் சீவிய காலத்திலும் குலை வெட்டிய காலத்திலும் லயத்து அடுப்பில் விழுந்த உப்பு, வேர்வை சிந்தும் உடம்புக்கான அளவு. தோட்டங்கள் விற்கப்பட்டு, துண்டாடப்பட்டு, சனம் தாமான் வீடுகளுக்கும் மலிவு விலை அடுக்குமாடிக்கும் வந்துவிட்டது. பிள்ளைகள் ஏர்கோன் தொழிற்சாலையில், அப்பா நாற்காலியில் உட்கார்ந்த ஜாகா வேலையில். அம்மாவின் கை மட்டும் அதே அளவில் உப்பை அள்ளுகிறது. நாலு லிட்டர் வேர்வைக்கான சமையலை அரை லிட்டர்கூட வேர்க்காத உடம்பு சாப்பிடுகிறது. மிச்சம் முழுவதும் சிறுநீரகத்தின் வழியாகத்தான் போயாக வேண்டும், அதுவும் ஐம்பது வயதைத் தாண்டி, நெஃப்ரான்கள் வருடா வருடம் குறைந்துகொண்டே வரும் சிறுநீரகத்தின் வழியாக.

அப்போது சிறுநீரகம் என்ன செய்யும்? கூடுதல் உப்பைத் தள்ள அதற்குத் தெரிந்த ஒரு வழி, அழுத்தம். ரத்த அழுத்தம் உயர்ந்தால் குழாய்கள் உப்பை உள்ளே இழுப்பது குறையும், அதிகம் வெளியே போகும். ஆர்தர் கைட்டன் என்ற உடலியலர் இதைத் தன் வாழ்நாள் ஆய்வாகவே செய்தார். நல்ல சிறுநீரகம் இயல்பான அழுத்தத்திலேயே பத்து கிராமைக் கழித்துவிடும். பழுதடைந்தது அதே பத்து கிராமைக் கழிக்க 150, 160 அழுத்தம் கேட்கும். அந்த அழுத்தம் மீதியுள்ள நெஃப்ரான்களை நசுக்கும், நசுங்கியது இன்னும் அதிக அழுத்தம் கேட்கும். ரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே உப்பையும் குறைக்காதவர்களுக்கு மாத்திரையின் எண்ணிக்கை ஏன் ஏறிக்கொண்டே போகிறது என்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இந்த நேரத்தில் மூட்டு வலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக், மெஃபனமிக் ஆசிட், ஐபுப்ரோஃபென் மாத்திரைகள் வந்து சேர்கின்றன. குலை வெட்டிய முதுகுக்கு வலி இருக்கத்தான் செய்யும். ஆனால் இவை சிறுநீரகத்துக்குள் ரத்தம் போகும் வழியைச் சுருக்கி உப்பைத் தேக்குகின்றன. இரண்டு மூன்று நாளிலேயே கால் கனக்கும், அழுத்தம் ஏறும். ரத்தக் கொதிப்புக்குப் பெரிண்டோபிரிலும் கூடவே ஃபுரோசமைடும் சாப்பிடுகிறவர் இதையும் சேர்த்து விழுங்கி, வயிற்றுப்போக்கிலோ வெயிலிலோ நீர் வற்றவும் செய்தால், சில நாட்களில் சிறுநீரகம் வேலையை நிறுத்திவிடலாம். வலிக்குப் பாரசிட்டமால் போதுமா என்று மருந்தாளரிடம் முதலில் கேளுங்கள். இன்னொன்று: ரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறவர்களுக்கு வரும் கணுக்கால் வீக்கம் பல நேரம் உப்பால் வருவதில்லை. அந்த மாத்திரை நுண்குழாய்களை விரிப்பதால் வருவது. அதற்கு ஃபுரோசமைடு பயன்தராது, மருத்துவரிடம் சொல்லி மருந்தை மாற்றுவதுதான் வழி.

அப்படியானால் எதை அளப்பது

உப்பை அளக்கச் சரியான இடம் சிறுநீர். சாப்பிடும் சோடியத்தில் பத்தில் ஒன்பது பங்கு அதில்தான் வருகிறது. காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரை விட்டுவிட்டு, அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு வருவதையெல்லாம் கிளினிக் தரும் பெரிய கேனில் பிடித்து, மறுநாள் காலை அதே நேரத்துச் சிறுநீரையும் சேர்த்து முடிக்க வேண்டும். ஒரு தடவை விட்டுப்போனாலும் கணக்கு கெடும். வருகிற சோடியம் மில்லிமோலை 0.058-ஆல் பெருக்கினால் உப்பு கிராமில் கிடைக்கும். 180 என்று வந்தால் பத்தரை கிராம். 2017, 2018-ல் சுகாதார அமைச்சு நடத்திய சமூக உப்பு ஆய்வு இந்த முறையில்தான் அளந்தது. மலேசியப் பெரியவர் ஒருவரின் சராசரி 7.9 கிராம் என்று வந்தது. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை 5 கிராம், தட்டையாக ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு.

எல்லாருக்கும் அந்தப் பரிசோதனை கிடைக்காது. வீட்டில் ஒரு வழி இருக்கிறது. உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளை அதன்மேலேயே எழுதி வையுங்கள். நாலு பேர் வீட்டில் ஆளுக்கு ஐந்து கிராம் என்றால் ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வரவேண்டும், அதுவும் கிச்சாப், கருவாடு, நெத்திலி, டின் சார்டின், ஊறுகாய், கடைச் சாப்பாடு எதுவுமே இல்லாவிட்டால். முப்பது நாளில் தீர்ந்தால் பாக்கெட்டிலிருந்து மட்டும் ஆளுக்கு எட்டு கிராம். பொதியில் போட்டிருக்கும் சோடியம் மில்லிகிராமை இரண்டரையால் பெருக்கினால் உப்பு மில்லிகிராம் வரும். ஒரு மீ பாக்கெட்டில் 1000 சோடியம் என்றால் இரண்டரை கிராம் உப்பு, அதாவது நாளின் பாதி. அதில் பெரும்பங்கு தூள் பொட்டலத்தில், பாதித் தூளைப் போட்டால் ஏறக்குறையப் பாதி உப்பு. அஜினோமோட்டோவிலும் சோடியம் உண்டு, உப்பில் 39 சதவீதம் என்றால் அதில் 12. இந்துப்பு உடம்புக்கு நல்லது என்று விலை கொடுத்து வாங்குகிறார்கள். நிறம் வேறு, சோடியம் அதேதான். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகம் தளர்ந்தவர்களும், பெரிண்டோபிரில், ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே நின்றுபோகலாம்.

டயாலிசிஸ் செய்கிறவர்களின் வீடுகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வாரம் மூன்று நாள், நாலு மணி நேரம் ஊசியோடு படுத்திருந்துவிட்டு வருகிறவரிடம் 'தண்ணிய கொற, தண்ணிய கொற' என்று சொல்லிக்கொண்டே கருவாட்டைப் பரிமாறுவது அவரைச் சித்திரவதை செய்வதற்குச் சமம். ஒன்பது கிராம் உப்பு உள்ளே போனால் ஒரு லிட்டர் தண்ணீரை மூளை கேட்டே தீரும். அந்தத் தாகத்தை மன உறுதியால் வெல்ல யாராலும் முடியாது. அவரைத் திட்டாதீர்கள், குழம்பில் உப்பைக் குறையுங்கள், வீட்டில் எல்லாரும் அதையே சாப்பிடுங்கள். புளி, எலுமிச்சை, மிளகு, கறிவேப்பிலை, வறுத்த சீரகம் எல்லாம் கைகொடுக்கும். நாக்கு சில வாரத்தில் பழகிவிடும்.

அந்த அண்ணன் அந்தத் தாளில் 139-க்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளலாம்: எடை. காலையில் எழுந்து, சிறுநீர் கழித்து, சாப்பிடுவதற்கு முன், அதே சாரத்தோடு, அதே தராசில். ஓரிரு நாளில் ஒரு கிலோவோ, ஒரு வாரத்தில் இரண்டு கிலோவோ ஏறினால் அது கொழுப்பாக இருக்க வாய்ப்பில்லை, கிளினிக்குக்குச் சொல்ல வேண்டும். பிறகு கட்டைவிரலால் கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பில் பத்து வினாடி அழுத்திப் பார்க்க வேண்டும். உப்பை உண்மையாகக் குறைத்தால் ஐந்தாறு நாளில் எடை ஒரு கிலோவாவது இறங்கும், காலுறைத் தடம் ஆழம் குறையும், அழுத்தமும் சில புள்ளி இறங்கும். அன்றைக்குப் போய் ரத்தம் கொடுத்தால், தாளில் சோடியம் பெரும்பாலும் அதே 139 என்றுதான் வரும்.